ஃபிளாட்பெட்டில் நெகட்டிவ் மங்கலாக வந்தால்: ஹோல்டரா, கண்ணாடியா, திரவமா?

ஃபிளாட்பெட் ஸ்கேனரில் எடுத்த நெகட்டிவ் மங்கலாக வந்தால் பலரும் முதலில் கைவைப்பது டிபிஐ எண்ணில்தான், அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பதில். 3200 போதவில்லை, 6400 போட்டுப் பார்ப்போம் என்று. ஸ்கேன் ஆக நேரம் கூடும், கோப்பு வீங்கும், மங்கல் அப்படியே இருக்கும். 35 மிமீ ஃபிரேம் ஒன்றை 6400 டிபிஐயில் எடுத்தால் சுமார் 55 மெகாபிக்சல் வருகிறது. 48 பிட் நிறத்தில் சேமித்தால் அந்த ஒரு ஃபிரேமே 330 எம்பி அளவுக்குப் போய்விடும். ஆனால் எப்சன் வி600 ஸ்கேனரின் பெட்டியில் 6400 என்று போட்டிருந்தாலும், சோதனை அட்டை வைத்து அளந்தவர்களுக்குக் கிடைத்தது 1600ஐ ஒட்டித்தான். வி700, வி800 வகைகளில் அது 2300 பக்கம் வருகிறது. 2400 டிபிஐ உண்மையாகக் கிடைத்தாலே 35 மிமீ ஃபிரேமிலிருந்து எட்டு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறும். 120 ஃபிலிமின் 6×6 செமீ ஃபிரேம் என்றால் 28.

அந்த 1600ஐயும் 2300ஐயும்கூட முழுசாக எட்டவிடாமல் தடுப்பது பெரும்பாலும் ஃபிலிம் உட்கார்ந்திருக்கும் விதம். இந்த ஸ்கேனர்களில் கேமராவில் இருப்பதுபோல் ஃபோகஸ் தேடும் ஏற்பாடு கிடையாது. லென்ஸ் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு ஃபோகஸ் ஆகி நிற்கும். ஃபிலிம்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். அதனால் புது ஸ்கேனருக்குக் காசு சேர்க்கும் முன், ஃபிலிமைப் பிடித்து வைக்கும் மூன்று வழிகளை அருகருகே வைத்துப் பார்த்துவிடலாம்: பெட்டியோடு வந்த ஹோல்டர், நியூட்டன் வளையம் வராத கண்ணாடி, திரவத்தில் ஒட்டும் முறை.

அதற்கும் முன்னால், கோளாறு எங்கே என்று தெரிய வேண்டும். ஸ்கேனை முழு அளவுக்குப் பெரிதாக்கி நடுவையும் மூலைகளையும் பாருங்கள். ஓரம் கூர்மையாகவும் நடு மங்கலாகவும் இருந்தால் ஃபிலிம் வளைந்திருக்கிறது. எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கல் என்றால் உயரம் பொருந்தவில்லை. கூர்மை இருக்கிறது, ஆனால் படம் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல் இருக்கிறது என்றால் சந்தேகம் கண்ணாடியின் மேல் போக வேண்டும். அது கடைசியில்.

பெட்டியோடு வந்த ஹோல்டர்

இதைக் குறை சொல்வது எளிது. ஓரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு நடுவை அந்தரத்தில் விட்டுவிடும். 35 மிமீ ஃபிலிம் நன்றாகச் சமன்பட்டிருந்தால் பிரச்சினையில்லை. 120 ஃபிலிம் அகலமானது, தொய்வு அதிகம். இருந்தாலும் இதற்கு ஒரு பெரிய நன்மை உண்டு: ஃபிலிமின் இரு பக்கமும் காற்றுதான். தூசி படியக் கூடுதல் பரப்பு இல்லை, கண்ணாடி தொடாததால் வளையங்களும் இல்லை.

ஹோல்டரைத் தூக்கிப் போடும் முன் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, மென்பொருளில் சரியான லென்ஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பார்ப்பது. வி700, வி750, வி800, வி850 நான்கிலும் இரண்டு லென்ஸ்கள் இருக்கின்றன. 'ஃபிலிம் ஹோல்டர்' என்ற தேர்வு, கண்ணாடிக்குச் சுமார் 3 மிமீ மேலே ஃபோகஸ் ஆகும் லென்ஸுக்குப் போகிறது. 'ஃபிலிம் ஏரியா கைடு' என்பது கண்ணாடிப் பரப்பிலேயே ஃபோகஸ் ஆகும் மற்றொன்றுக்கு. ஹோல்டரில் ஃபிலிமை வைத்துவிட்டு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாலும் ஸ்கேனர் முறைக்காது, திட்டாது. மங்கலான படத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும்.

இரண்டாவது, உயரம். வி700 ஹோல்டரின் அடியில் இருக்கும் சின்னக் கால்களைத் திருப்பியும் கழற்றியும் 2.5, 3, 3.5 மிமீ என மாற்றலாம். வி800, வி850 ஹோல்டர்களில் இதற்கே நகர்த்தும் அமைப்பு இருக்கிறது. எந்த உயரம் சரி என்பது ஒரே மாடலிலேயே ஸ்கேனருக்கு ஸ்கேனர் கொஞ்சம் மாறும் என்பதால், அடுத்தவர் சொன்ன எண்ணை நம்பாமல் அளந்துவிடுவது நல்லது. ஒளி ஊடுருவும் 15 செமீ பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். கோடுகள் கீழ்ப்பக்கம் இருக்குமாறு, ஸ்கேனர் நகரும் திசையில் நீளவாக்கில் வையுங்கள். பூச்சிய முனை கண்ணாடியைத் தொட வேண்டும், மறுமுனைக்கு அடியில் 6 மிமீ தடிமனில் ஏதாவது கொடுக்க வேண்டும். ஒவ்வொரு 2.5 செமீக்கும் உயரம் 1 மிமீ கூடும். ஸ்கேன் செய்து பார்த்தால் கோடுகள் எந்த இடத்தில் மிகக் கூர்மையோ அதுதான் உங்கள் ஸ்கேனரின் ஃபோகஸ் உயரம். 7.5 செமீ அருகே என்றால் 3 மிமீ. மென்பொருளின் ஷார்ப்பனிங்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் எல்லாக் கோடும் கூர்மை போலவே தெரியும்.

நியூட்டன் வளையம் வராத கண்ணாடி

சாதாரணக் கண்ணாடியை ஃபிலிமின் மேல் வைத்து அழுத்தினால் ஃபிலிம் சமமாகும்தான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் சிக்கும் மெல்லிய காற்றடுக்கில் ஒளி பட்டுத் திரும்பும்போது வண்ண வளையங்கள் தோன்றும். அவைதான் நியூட்டன் வளையங்கள். வானம், சுவர் மாதிரி வெறுமையான பகுதிகளில் பளிச்சென்று தெரியும், அழிப்பது பெரும்பாடு. ஒரு பக்கம் நுண்ணிய சொரசொரப்பு ஏற்றிய கண்ணாடி இதைத் தடுக்கிறது.

கண்ணாடி ஃபிலிமுக்கு மேலா, கீழா என்பதில் பலர் குழம்புகிறார்கள். என் தீர்ப்பு மேலே என்பதே. காரணம் இருக்கிறது. ஃபிலிம் பெரும்பாலும் எமல்ஷன் (படம் பதிந்திருக்கும் பூச்சு) பக்கமாக வளைகிறது. எமல்ஷன் கீழ் நோக்கி இருக்குமாறு வைத்தால் நடுப்பகுதி மேலே எழும்பி நிற்கும், மேலிருந்து வரும் கண்ணாடி அதை அமுக்கிவிடும். எமல்ஷன் இல்லாத பளபளப்பான பக்கம்தான் வளையங்களை அதிகம் வரவழைக்கும். அது இப்போது சொரசொரப்பான பரப்பைத் தொடுகிறது. லென்ஸுக்கும் படத்துக்கும் நடுவில் ஹோல்டரைச் சேர்ந்த கண்ணாடி எதுவும் இல்லை. படம் இடவலமாக மாறி வரும், மென்பொருளில் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

கீழே வைத்தால் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. கண்ணாடி வழியே பார்க்கும் லென்ஸுக்கு ஃபிலிம், கண்ணாடியின் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிட்டே வந்ததுபோல் தெரியும். 2 மிமீ கண்ணாடி என்றால் ஃபிலிமை 0.7 மிமீ அளவுக்கு உயர்த்தியாக வேண்டும். அக்ரிலிக் தகடு பொருத்திய ஹோல்டர்களிலும் இதே கதைதான். உயரத்தை மறுபடி அளக்காமல் தகட்டைக் கழற்றவோ மாட்டவோ கூடாது.

குறை என்னவென்றால் தூசி. ஃபிலிமைத் தொடும் பரப்பில் இருக்கும் ஒவ்வொரு துகளும் ஃபோகஸில் விழும். அப்புறம், மலிவான சொரசொரப்புக் கண்ணாடிகளில் அந்தப் பரப்பின் புள்ளிகளே படத்தில் மெல்லிய மணலாகத் தெரியக்கூடும். இவ்வளவுக்குப் பிறகும், ஆகும் செலவுக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் மூன்றில் இதுதான் முதலிடம்.

திரவ முறை

ஃபிலிமின் இரு பக்கமும் அதற்கென்றே உள்ள திரவத்தை விட்டு, கண்ணாடிக்கும் மெல்லிய பாலியெஸ்டர் தாளுக்கும் நடுவில் குமிழி இல்லாமல் படியவைப்பது. ஃபிலிமை உருளையில் சுற்றி ஸ்கேன் செய்யும் டிரம் ஸ்கேனர்களிலிருந்து வந்த வழக்கம். திரவத்தின் ஒளிவிலகல் ஃபிலிமின் அடித்தளத்துக்கு நெருக்கமாக இருப்பதால் பளபளப்பான பக்கத்துக் கீறல்கள் நிரம்பி மறைந்துவிடும். காற்றடுக்கே இல்லை என்பதால் வளையமும் இல்லை. ஃபிலிம் தட்டையாகக் கிடக்கும். எப்சனே வி750 எம் புரோவோடு இதற்கான தட்டைக் கொடுத்தது. எமல்ஷன் பக்கம் ஆழமாகக் கீறியிருந்தால் மட்டும் இதனாலும் பயனில்லை, அங்கே படமே உரிந்துபோயிருக்கிறது.

முடிவைப் பார்த்தால் இதுதான் சிறந்தது. ஆனால் 35 மிமீக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கே ஃபிளாட்பெட் லென்ஸ் முதலிலேயே கைவிரித்துவிடுகிறது, திரவம் சேர்க்கும் நுணுக்கத்தைப் படிக்க அதனால் முடியாது. கீறல் விழுந்த 120 ஃபிலிம், 4×5 அங்குல ஷீட் ஃபிலிம் என்றால் உழைப்புக்குக் கூலி உண்டு. திரவங்கள் பெரும்பாலும் எளிதில் ஆவியாகிற, தீப்பிடிக்கிற வகை. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. எக்காரணம் கொண்டும் ஸ்கேனரின் கண்ணாடி மேலேயே நேரடியாகச் செய்ய வேண்டாம். ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிட்டால் மங்கலைவிடப் பெரிய பிரச்சினை. தனித் தட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர், சமையல் எண்ணெய் மாதிரியான மாற்று யோசனைகள் வேண்டவே வேண்டாம்.

தூசி: அகச்சிவப்பா, கைவேலையா?

இதில் ஃபிலிமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. டிஜிட்டல் ஐஸ் போன்ற வசதிகள் அகச்சிவப்பு ஒளியில் கூடுதலாக ஒரு ஸ்கேன் எடுக்கின்றன. வண்ணச் சாயங்கள் அந்த ஒளியை விட்டுவிடும், தூசி மறிக்கும். மறித்த இடத்தை மென்பொருள் நிரப்பும். வண்ண நெகட்டிவுக்கு அருமை. வெள்ளி கொண்ட கருப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளியே ஒளியை மறிப்பதால் படத்தையே தூசி என்று நினைத்துக் குதறிவிடும். வண்ண ஃபிலிமின் சி-41 முறையில் கழுவப்படும் இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 விதிவிலக்கு. அதில் கடைசியில் மிஞ்சுவது சாயம்தான். கோடாக்ரோம் ஸ்லைடுகளிலும் இது தடுமாறும். மற்ற கருப்பு வெள்ளைக்கு ஊதும் பந்தும் நிலைமின் எதிர்ப்புத் தூரிகையும், அப்புறம் திரையில் புள்ளி புள்ளியாகத் திருத்தும் பொறுமையும்தான்.

படத்தின் நீளத்துக்கும் நேர்கோடு ஓடினால் அது ஃபிலிம் மேலிருக்கும் தூசி இல்லை. ஃபிலிமைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். படத்தோடு சேர்ந்து நகர்வது ஃபிலிமின் குறை. அதே இடத்தில் நிற்கும் புள்ளி கண்ணாடியின் அழுக்கு. அதே இடத்தில் நிற்கும் கோடு என்றால் ஹோல்டரின் தலைப்பில் இருக்கும் திறந்த இடைவெளியையும் அதற்கு நேர்கீழே உள்ள கண்ணாடியையும் துடையுங்கள். ஸ்கேனர் ஒளியை அளந்துகொள்வது அந்த வழியாகத்தான். அங்கே ஒரு துகள் இருந்தால் ஸ்கேன் முழுவதும் இழுத்துக்கொண்டே போகும்.

வெளியே துடைப்பதா, திறப்பதா?

சில வருடம் ஓடிய ஸ்கேனரில் கண்ணாடியின் உட்புறம் மெல்லிய புகைப்படலம் படிவது சகஜம். உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கிலிருந்து வெளியேறும் ஆவிதான் காரணம். நெகட்டிவில் இதன் அடையாளம் கொஞ்சம் தலைகீழானது: நெகட்டிவின் தெளிவான பகுதியிலிருந்து கசியும் ஒளி அடர்த்தியான பகுதிக்குள் புகுவதால், நேர்ப்படத்தில் கருமை வெளிச்சத்துக்குள் ஒழுகும். வெள்ளை வானத்தில் மரக்கிளையின் ஓரம் அழுக்காகத் தெரிந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

அறையை இருட்டாக்கி, கண்ணாடியின் மேல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மேற்புறத்தைத் துடைத்த பின்னும் படலம் தெரிந்தால் அது உள்ளே. திறப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. உத்தரவாதக் காலம் மீதி இருந்தால் தொடவே கூடாது. காலம் முடிந்துவிட்டது, படலமும் ஸ்கேனில் தெரிகிறது என்றால் மட்டும் திறக்கலாம். பல மாடல்களில் திருகுகள் சின்ன மூடிகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மைக்ரோஃபைபர் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் கொஞ்சமாக நனைத்துத் துடையுங்கள், கண்ணாடியில் நேராகத் தெளிக்காதீர்கள். உட்புறம் ஓரத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பட்டையை விட்டுவிடுங்கள், அதுவும் அளவீட்டுக்குரியது. கீழே தெரியும் முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்குக் காற்று ஊதினால் போதும், துணி படக் கூடாது. ஸ்கேனரின் மேல்மூடியின் உட்புறம் ஒளி வரும் ஜன்னலையும் அதே கையோடு துடைத்துவிடலாம்.

இத்தனையும் செய்து, உயரமும் அளந்து, 35 மிமீ மட்டும் இன்னும் திருப்தி தரவில்லை என்றால் அது ஸ்கேனரின் எல்லை. பிளஸ்டெக் 8200i மாதிரி ஃபிலிமுக்கென்றே உள்ள கருவி 3200 டிபிஐக்குச் சற்று மேலே உண்மையாகத் தருகிறது. ஆனால் 120ஐ ஏற்காது, ஒவ்வொரு ஃபிரேமையும் கையால் தள்ள வேண்டும். ஃபிளாட்பெட்டை 120க்கும் ஷீட்டுக்கும் வைத்துக்கொண்டு அதை 35 மிமீக்குத் தனியாகச் சேர்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.