75% பாதிப்பு என்று சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்ட்டை நம்பாதீர்கள்

மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அதை வாங்கித் தருவதாக என் சித்தப்பாவிடம் 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஓர் ஏஜென்ட் கையை விரித்துவிட்டார். அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஜெராக்ஸ் கடையை ஒட்டி மேசை போட்டிருக்கும் ஆள், இன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சித்தப்பாவுக்குச் சின்ன வயதில் போலியோ, காலுக்கு 50% என்று பழைய சான்றிதழ் இருக்கிறது. இப்போது காதும் சரியாகக் கேட்பதில்லை. "கால் 50, காது 40, ரெண்டும் சேர்ந்தா 90, கண்டிப்பா கிடைக்கும்ணே" என்று அந்தச் சான்றிதழின் பின்பக்கத்திலேயே பேனாவால் கூட்டிப் போட்டுக் காட்டியிருக்கிறார். அப்படிக் கூட்டவே கூடாது. 90-லிருந்து பெரிய சதவீதத்தைக் கழித்து, மீதியைச் சின்ன சதவீதத்தால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைத்தான் பெரிய சதவீதத்தோடு சேர்ப்பார்கள். 50-க்கும் 40-க்கும் சுமார் 68 தான் வரும். கடும் பாதிப்புப் பிரிவில் இந்தத் தொகை கிடைக்க 75% வேண்டும். தினமும் இதே வேலையாக இருப்பவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

அதைவிடக் கொடுமை, காதுக்கு அவரே ஒரு தனியார் ரிப்போர்ட் ஏற்பாடு செய்தது. ஆஸ்பத்திரியில் பெரா டெஸ்ட் (சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்று பார்க்கும் கருவிப் பரிசோதனை) எடுத்ததும் இரண்டும் ஒத்துப்போகவில்லை, எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்கப்பட்டது சித்தப்பாதான். மோசடியாகச் சலுகை பெற்றால், பெற முயன்றாலும்கூட, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 91-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. மாட்டுவது விண்ணப்பத்தில் பெயர் இருப்பவர்தான்.

யுடிஐடி கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கு, ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. பழைய ஓபி சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, காது பரிசோதனைத் தாள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள், யாரிடமும் அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகல் போதும். போட்ட சதவீதம் குறைவு என்று பட்டால் அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். அப்புறம், 75% இல்லையென்றால் எல்லாம் போச்சு என்று விட்டுவிடாதீர்கள், வருவாய்த்துறை தரும் ஓய்வூதியம் தனி, அதற்கு நிபந்தனைகளும் வேறு, தாலுகா ஆபீசில் கேளுங்கள்.

சித்தப்பாவின் அசல் சான்றிதழ் இன்னும் அந்த ஆளிடம்தான் இருக்கிறது. காவல் நிலையத்திலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் புகார் கொடுத்திருக்கிறோம். இப்படி யாரிடமாவது பணம் கொடுத்து ஏமாந்திருந்தால், ரசீது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை வைத்து நீங்களும் எழுதிக் கொடுங்கள்.