எங்கள் ஊர் ஸ்டேஷன்: முழங்காலுக்கு மேலே ஒரு படி

சென்னையில் இருக்கும் நண்பன் போன வாரம் போனில் கேட்டான்: "தை மாசக் கல்யாணத்துக்கு அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன். திருச்சியில மாறி உங்க ஊர் ஸ்டேஷன்லயே இறங்கிக்கலாமா?" முப்பது வருஷமாக அங்கே ஏறி இறங்குகிறவன் நான். உடனே சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

ஸ்டேஷன் எனக்கு உயிர். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-இல் வந்த ரயில், அடுத்த வருஷம் மானாமதுரை வரை நீண்டபோது எங்கள் ஊருக்கும் வந்தது. அப்பத்தா கல்யாணத்துக்குப் பித்தளை அண்டாக்கள் இந்த வண்டியில்தான் வந்து இறங்கினவாம். காத்திருக்கும் கூடத்துக்குத் தடித்த சுண்ணாம்புச் சுவர். சித்திரை வெயிலில் உள்ளே போய் உட்கார்ந்தால் பழைய வீட்டு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி குளுகுளுவென்று இருக்கும். குழாயில் தண்ணீர் எப்போதும் வரும். வண்டி எங்கே வருகிறது என்று கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். முன்பதிவுக்கு மட்டும் காரைக்குடிக்குப் போக வேண்டும், அது பெரிய குறையில்லை.

கட்டணமும் குறைந்துவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சரையே எக்ஸ்பிரஸ் கணக்கில் ஓட்டி, குறைந்தபட்ச டிக்கெட்டுக்கு 30 ரூபாய் வாங்கினார்கள். 2024 பிப்ரவரியில்தான் பழையபடி 10 ரூபாய் ஆனது. அந்த வாரம் எனக்கு முன்னால் நின்ற கொத்தனார் ஒருவர், "பத்து தானாண்ணே? நல்லாப் பாருங்க" என்று கவுண்டரில் இரண்டு தடவை கேட்டார். மீதி 20 ரூபாயை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் அந்த பிளாட்ஃபார்ம். அதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதை இருந்த காலத்தில் பெட்டியும் தாழ்வு, தளமும் தாழ்வு, ஒன்றுக்கொன்று சரியாக இருந்தது. 2007 வாக்கில் அகலப்பாதை வந்தது, பெட்டி உயர்ந்தது, தளம் அப்படியே கிடக்கிறது. உயர்மட்ட பிளாட்ஃபார்ம் என்றால் தண்டவாளத்திலிருந்து 760 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். எங்கள் ஊரில் பாதி நீளத்துக்குச் செம்மண்ணும் ஜல்லியும்தான். இரும்புப் படியின் கடைசித் தட்டு அப்பத்தாவுக்கு முழங்காலுக்கு மேலே நிற்கும். முதலில் பையை உள்ளே எறிவாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வாள். பிறகு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, ஒரு முழங்காலைத் தட்டின் மேல் ஊன்றி ஏறுவாள். எண்பது வயதில், புடவை கட்டிக்கொண்டு, ஒரு நிமிஷம் நிற்கிற வண்டியில்! போன ஆவணியில் முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. அன்றோடு ரயில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ரயிலைப் பார்க்க வாசலுக்கு ஓடி வந்த பெண் அவள், இப்போது புதுக்கோட்டைக்குக்கூட பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போகிறாள்.

எழுதிக் கொடுத்திருக்கிறோம். நாலு தடவை. வேலை செய்கிறவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. கவுண்டரில் இருந்தவர் ஒருமுறை தானே ஓடி வந்து அப்பத்தாவைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார். ஆனால் அப்படி ஓடி வர எல்லா நேரமும் ஆள் இருக்குமா?

ஆகவே நண்பா, கூடம் குளுகுளு, டிக்கெட் பத்து ரூபாய், எல்லாம் உண்மை. அம்மாவோடு இங்கே இறங்காதே. காரைக்குடிக்கே டிக்கெட் எடு, அங்கே தளம் உயரம், வண்டியும் கொஞ்ச நேரம் நின்றுதான் கிளம்பும். நான் கார் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.