பழுதைச் சொன்ன சென்சாரையே பழுது என்று மாற்றினார்கள்: என்ஜின் திணறலுக்கு ஒர்க்‌ஷாப் செல்வோர் கவனத்துக்கு

என்ஜின் திணறுகிறது என்று காரை ஒர்க்‌ஷாப்பில் விடும்போது, காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி எடுத்ததாகச் சொல்லி ஒரு வரைபடத்தை உங்கள் முன் நீட்டினால், அது உங்கள் காரில்தான் எடுக்கப்பட்டதா, எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எந்த உதிரிபாகத்தையும் மாற்றச் சம்மதிக்க வேண்டாம். கோவையில் உள்ள ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில், அப்படிப்பட்ட ஒரு தாளைக் காட்டித் தொடங்கி, என்னிடம் மொத்தம் 27,400 ரூபாய் வாங்கினார்கள். கார் போன நிலையிலேயே திரும்பி வந்தது. புகார் நிலுவையில் இருப்பதால் அவர்களுடைய பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் கையாண்ட முறையைத் தெரிந்துகொள்வதுதான் பெயரைவிடப் பிறருக்குப் பயன்படும்.

கார் பிஎஸ் 4 புகை விதிக் காலத்து 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி. ஊருக்குள் ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியாது. ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலைப்பாதையில் ஏறும்போது, கல்லாறு தாண்டியதும், மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு கணம் வண்டி எதுவுமே செய்யாமல் நின்று யோசிப்பது போலிருக்கும்; பிறகு ஒரு ஜெர்க்குடன் இழுக்கும். அவிநாசி சாலையில் லாரியை முந்தும்போதும் சில நேரங்களில் இப்படி ஆனது. எதிரே பேருந்து வரும்போது இந்தக் கணம் எவ்வளவு நீளமானது என்பது ஓட்டுபவருக்குத்தான் தெரியும். ஒருமுறை செக் என்ஜின் விளக்கும் எரிந்ததால் ஒர்க்‌ஷாப்புக்குச் சென்றேன்.

ஸ்கேனரில் வந்த பிழைக்குறியீடு பி0171. கலவையில் காற்று மிகுந்து எரிபொருள் குறைந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள்; எந்த உதிரிபாகம் பழுது என்று அந்தக் குறியீடு சொல்வதில்லை. ஆனால் அங்கிருந்த சர்வீஸ் அட்வைசர், ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லி, அச்சிட்ட ஒரு தாளைக் காட்டினார். அதில் சென்சாரின் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டில் நேர்கோடாகக் கிடந்தது. "பாருங்க சார், கோடு அசையவே இல்லை, சென்சார் செத்துப் போச்சு" என்றார். சென்சாரை மாற்றி, என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து, பில்லைக் கொடுத்தார்கள். அடுத்த மலையேற்றத்தில் அதே திணறல் வந்தது.

இங்கே ஆக்சிஜன் சென்சாரின் வேலையைச் சொல்லியாக வேண்டும். என்னுடைய காரில் உள்ள வகை, புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து, எரிபொருள் மிகுந்திருந்தால் 0.8 வோல்ட்டை ஒட்டியும், குறைந்திருந்தால் 0.1 வோல்ட்டை ஒட்டியும் மின்னழுத்தம் தரும். என்ஜின் சூடேறி ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நின்றபடி, ஓடும்போது இந்த அளவு மேலும் கீழுமாக இடைவிடாமல் மாறிக்கொண்டிருப்பதே சரியான நிலை. ஆகவே 0.1 என்ற எண்ணுக்கு இரண்டு பொருள் இருக்க முடியும்: சென்சார் செத்திருக்கலாம், அல்லது சென்சார் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். எது என்று பிரித்தறிவதற்கு ஒரு நிமிடம் போதும். நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் அளவு 0.8-ஐத் தாண்டி ஏறி, காலை எடுத்ததும் சுழியத்தை ஒட்டி இறங்கினால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையைச் செய்யாமல் சென்சாரை மாற்றுவது, குழம்பில் உப்பில்லை என்று சொன்னவரின் நாக்குக்கு மருந்து கொடுப்பதைப் போன்றது.

மறுபடி காரைக் கொண்டுபோனபோது, இப்போது எந்தப் பிழைக்குறியீடும் இல்லை என்றார்கள். பிறகு பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் வலுவிழந்திருக்கலாம் என்று நான்கு காயில்களையும் ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினார்கள். அதுவும் பலிக்காதபோது மூன்று விளக்கங்கள் வரிசையாக வந்தன. முதலில், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்றார்கள். அடுத்து, மலையில் காற்று குறைவு, எல்லா வண்டியும் அப்படித்தான் என்றார்கள். கடைசியாக, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசிஎம் பெட்டியே பழுது, 32,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அந்த இடத்தில்தான் காரை வெளியே எடுத்துக்கொண்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஸ்கேனர் மாட்டும் 16 முனை ஓபிடி சாக்கெட்டில் ஒரு புளூடூத் அடாப்டரைச் செருகி, கைபேசிச் செயலியில் நானே அளவுகளைப் பதிவு செய்யத் தொடங்கினேன்.

முதலில் என் கண்ணில் பட்டது, பிழைக்குறியீடு அழிக்கப்பட்ட பிறகு ஓடிய தூரம் என்ற ஒரு வரி. பலரும் இதைப் பார்ப்பதில்லை. இசிஎம் தானாகவே இந்தத் தூரத்தைக் கணக்கு வைத்திருக்கிறது. ஸ்கேனரால் குறியீட்டை அழித்தாலும் பேட்டரியைக் கழற்றினாலும் அது சுழியத்திலிருந்து தொடங்கும். என் காரில் அது காட்டிய தூரத்தை ஓடோமீட்டரிலிருந்து கழித்துப் பார்த்தால், காரை அவர்களிடம் இரண்டாம் முறை விட்டபோது ஓடோமீட்டரில் இருந்த, ஜாப் கார்டில் அவர்களே எழுதிய எண் வந்தது. அதாவது வண்டியை வாங்கி வைத்ததும் குறியீட்டை அழித்திருக்கிறார்கள். அதன் பிறகு குறியீடு எதுவும் இல்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். குறியீட்டை அழிக்கும்போது, விளக்கு எரிந்த கணத்தில் என்ஜின் எந்த வேகத்தில், எந்தச் சுமையில், எந்த வெப்பத்தில் இருந்தது என்று இசிஎம் சேமித்து வைத்திருக்கும் பதிவும் சேர்ந்து அழிந்துவிடும். திணறலைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல தடயம் வேறில்லை.

அடுத்து, பில்லுடன் தைத்துக் கொடுத்திருந்த அந்த அச்சுத் தாளை எடுத்து வரிவரியாகப் படித்தேன். அதில் சேசிஸ் எண் இல்லை. உள்ளே நுழையும் காற்றின் எடையை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாரின் அளவு ஒரு வரியில் இருந்தது. என்னுடைய காரில் அந்தச் சென்சாரே கிடையாது, அது என்ஜினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் எம்ஏபி சென்சாரைக் கொண்டு காற்றைக் கணக்கிடும் வகை. வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்றும் அந்தத் தாளில் இருந்தது. கடல் மட்டத்தில்தான் அந்த எண் வரும். கோவை ஏறக்குறைய 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாவியைப் போட்டு என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பார்த்தால் என் கார் 96 அல்லது 97 காட்டுகிறது. ஆக, என் காரின் பழுதுக்குச் சான்றாகக் காட்டப்பட்ட வரைபடம், வேறு ஏதோ ஒரு காரில், பெரும்பாலும் கடற்கரையை ஒட்டிய ஏதோ ஓர் ஊரில் எடுக்கப்பட்டது. இதைக் கவனக்குறைவு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி உண்மையான பதிவு. மலிவான அடாப்டர்கள் ஒரு நொடியில் சில அளவுகளை மட்டுமே வாங்கித் தரும் என்பதால், செயலியில் உள்ள அத்தனை அளவுகளையும் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றும் நொடிக்கு ஒருமுறைகூடப் புதுப்பிக்கப்படாமல், அரை நொடித் திணறல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நழுவிவிடும். ஆகவே என்ஜின் சுழற்சி, த்ராட்டில், எம்ஏபி, குறுகிய கால ஃப்யூல் ட்ரிம், நீண்ட கால ஃப்யூல் ட்ரிம், முன் பின் ஆக்சிஜன் சென்சார்கள் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். ஃப்யூல் ட்ரிம் என்பது, இசிஎம் தன் கணக்குப்படி தர வேண்டிய எரிபொருளைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ தருகிறது என்பதைச் சொல்லும் எண். இரண்டு ட்ரிம்களையும் கூட்டினால் பத்துக்குள் இருப்பது பொதுவாகக் கவலைக்குரியதல்ல. நண்பர் வண்டியை ஓட்ட, பக்கத்து இருக்கையில் அமர்ந்து அதே மலைப்பாதையில் கல்லாறிலிருந்து பர்லியாறு வரை பதிவு செய்தேன்.

இரண்டு ட்ரிம்களையும் கூட்டி வரும் கூட்டுத் திருத்தம் ஐடிலில் 3 சதவீதம். சமவெளியில் சீரான வேகத்தில் 6. ஏற்றத்தில் சுமை கூடக்கூட அது 20-ஐத் தாண்டியது. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபோது இசிஎம் ஆக்சிஜன் சென்சாரைப் பின்பற்றுவதை நிறுத்திவிட்டதால் குறுகிய கால ட்ரிம் சுழியத்துக்கு வந்தது, அது வழக்கமானதுதான். ஆனால் அந்த நிலையில் எரிபொருள் மிகுந்து 0.8 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டிய முன் சென்சார், திணறல் வந்த அதே கணத்தில் 0.1-க்கு விழுந்தது. அதைத் தொடர்ந்து, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சாரும் விழுந்தது. ஒன்று புதியது, மற்றொன்று கார் வாங்கிய நாளிலிருந்து இருப்பது. இரண்டும் அடுத்தடுத்து ஒரே பொய்யைச் சொல்ல வழியில்லை. எம்ஏபி அளவு வளிமண்டல அழுத்தத்தை ஒட்டியே இருந்ததால் காற்று தடையின்றி உள்ளே போகிறது என்பதும் தெளிவானது. காற்று வருகிறது, சுமை கூடும்போது பெட்ரோல் மட்டும் போதவில்லை. இந்தப் பதிவை வைத்துக்கொண்டு வேறு முடிவுக்கு வர முடியாது.

அவர்கள் சொன்ன விளக்கங்களையும் இதே பதிவோடு வைத்துப் பார்க்கலாம். எத்தனால் தன் எடையைப்போல் 9 மடங்கு காற்றோடு எரிகிறது, கலப்பில்லாத பெட்ரோல் 14.7 மடங்கோடு எரிகிறது. ஆகவே 10 சதவீதக் கலவையிலிருந்து 20 சதவீதக் கலவைக்கு மாறினால் ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவைப்படும். அந்தக் கூடுதல் ஐடிலிலும் ஏற்றத்திலும் ஒரே அளவில் தெரிய வேண்டுமே தவிர, ஏற்றத்தில் மட்டும் 20 சதவீதமாகத் தாவாது. மலைக்காற்றின் கதையும் அப்படித்தான். 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில் அழுத்தம் 81 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும், என்ஜினின் வலுவும் அதற்கேற்பக் குறையும். ஆனால் எம்ஏபி சென்சார் அந்தக் குறைவைப் பார்த்துப் பெட்ரோலையும் குறைத்துவிடுவதால் கலவை கெடாது, ஜெர்க்கும் வராது.

இந்தக் கோப்பை உக்கடம் பக்கத்தில் தனியாகக் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் வரைபடத்தைப் பார்த்த பிறகும் எதையும் மாற்றச் சொல்லவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். எரிபொருள் குழாயில் T வடிவ இணைப்பு ஒன்று வைத்து அழுத்தமானியை மாட்டி, வண்டியை ஓட்டிப் பார்த்தார். என் கார் போன்ற வண்டிகளில் எரிபொருள் அழுத்தத்தை ஓபிடி வழியாகப் படிக்க முடியாது, மானிதான் வைக்க வேண்டும். ஐடிலில் சரியாக நின்ற முள், சுமை கூடியதும் சரிந்தது. பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்ப்பை வெளியே எடுத்தபோது, அதன் அடியில் உள்ள வலை பழுப்புப் படிவால் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது. ஃபில்டருடன் சேர்ந்த பம்ப் தொகுதியை மாற்றி, டேங்கைச் சுத்தம் செய்து, லேபருடன் 9,200 ரூபாய் வாங்கினார். பின்னர் நான் கேட்டுக்கொண்டபடி, ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்ப வாங்கி வைத்திருந்த பழைய ஆக்சிஜன் சென்சாரை மீண்டும் பொருத்திப் பதிவு எடுத்தார். செத்துப் போனதாகச் சொல்லப்பட்ட அந்தச் சென்சார் ஐடிலில் புதியதைப் போலவே மாறி மாறி அளவு காட்டியது. முழு ஆக்சிலரேட்டரில் 0.85 வோல்ட்டில் நின்றது. மலைப்பாதையில் கூட்டுத் திருத்தம் இப்போது 5-ஐத் தாண்டுவதில்லை.

காரை விடும் முன் ஜாப் கார்டில் சிலவற்றை எழுதி வாங்குவது நல்லது: ஓடோமீட்டர் எண், உங்களைக் கேட்காமல் பிழைக்குறியீட்டை அழிக்கக் கூடாது என்ற குறிப்பு, மாற்றும் பொருளின் பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்ற குறிப்பு. திணறல் எந்த நிலையில் வருகிறதோ அந்த நிலையில் வண்டியை ஓட்டி எடுத்த பதிவைக் கேளுங்கள். நின்ற வண்டியில் எடுத்த பதிவு இந்த மாதிரிப் பழுதைக் காட்டாது. படமாகவோ அச்சாகவோ தந்தால் போதாது, சேசிஸ் எண்ணும் நேரமும் உள்ள மூலக்கோப்பே வேண்டும். தர மறுத்தால், அந்த மறுப்பே உங்களுக்குப் போதுமான பதில்.

அந்த ஒர்க்‌ஷாப்புக்கு மேற்சொன்ன அனைத்தையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஆக்சிஜன் சென்சாரின் விலையை மட்டும் திருப்பித் தருவதாகவும், காயில், பிளக், லேபர் ஆகியவற்றுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றும் பதில் வந்தது. வேறு காரின் தாளை ஏன் என் பில்லோடு வைத்தீர்கள் என்ற கேள்விக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியே புகார் கொடுத்திருக்கிறேன். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை, குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். இதேபோல் ஏமாற்றப்பட்டவர்கள் தங்கள் பதிவுக் கோப்புகளை வேறு செயலியில் திறந்து திருத்திச் சேமிக்காமல், எடுத்தபடியே ஒரு பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் ஆணையத்தில் தாக்கல் செய்த ஆவணங்களில் ஜாப் கார்டுக்கு அடுத்ததாக இருப்பது அந்தக் கோப்புதான்.