‘டொமைன் இலவசம்’ என்றால் அது யார் பெயரில் என்று கேளுங்கள்

சின்னக் கடைக்கோ தொழிலுக்கோ வெப்சைட் போடப் போகிறவர்கள், ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை வைக்கிற சர்வர் இடத்துக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு விற்ற நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே மாதிரி விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், விற்கிற விதத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

சின்னாளபட்டியில் அக்கா சுங்குடிச் சேலை விற்கிறாள். டாட் காம் டொமைன் (தளத்தின் முகவரி), ஹோஸ்டிங், கடைப் பெயரில் மெயில் எல்லாமே ஒரே இடத்தில் வாங்கினோம். விளம்பரத்தில் மாதம் 79 ரூபாய், டொமைன் இலவசம் என்று போட்டிருந்தார்கள். 36 மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை. 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 3,356 ரூபாய் ஆனது. புதுப்பிக்க வந்த பில்லில் மாதம் 349 ரூபாய். ஒரே ஒரு வருடத்துக்கு வரியோடு 4,942. முதல் மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட இது அதிகம். தீபாவளி வியாபாரம் நெருங்கியிருந்ததால் கட்டினோம்.

சரி, விலையோடு போயிருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். புரட்டாசியில் ஒரு பிளகினை (தளத்தில் சேர்க்கிற துணை மென்பொருள்) அப்டேட் செய்ததும் தளம் வெள்ளைப் பக்கமாக நின்றது. ஆர்டர் விவரமெல்லாம் இருக்கிற டேட்டாபேஸும் கெட்டிருந்தது. ‘தினசரி பேக்கப்’ என்று பிளானிலேயே எழுதியிருக்கிறதே, முந்தின நாள் நிலைக்குத் திருப்பிவிடலாம் என்று சாட்டில் போய்க் கேட்டேன். வந்த பதில் இது: “உங்க அக்கவுன்ட் ஃபைல் லிமிட் தாண்டிடுச்சு சார். அதனால பேக்கப் ரன் ஆகல.” எப்போதிலிருந்து என்று கேட்டால், “சில மாசமா சார்.” அந்தச் சில மாதத்தில் ஒரு எச்சரிக்கை மெயில்கூட வரவில்லை. புதுப்பிக்கச் சொல்லி மட்டும் வாரம் தவறாமல் வந்தது.

‘அன்லிமிடெட் ஸ்பேஸ்’ என்பதன் உள்கதை இதுதான். இடத்துக்கு வரம்பு இல்லை என்பார்கள், ஆனால் கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. விதிமுறைப் பக்கத்தில் ‘ஐநோட்’ என்ற பெயரில் அது ஒளிந்திருக்கும். நீங்கள் ஒரு சேலைப் படத்தை ஏற்றினால், தளத்தை நடத்துகிற வேர்ட்பிரஸ் மென்பொருள் அதை ஐந்தாறு அளவுகளில் வெட்டித் தனித்தனிக் கோப்பாக வைக்கும். ஆன்லைன் கடைக்கான ஊகாமர்ஸ் பிளகின் போட்டிருந்தால் இன்னும் சில சேரும். மெயிலும் அதே அக்கவுன்டில் இருந்தால் பெரும்பாலும் ஒவ்வொரு மெயிலும் ஒரு கோப்புதான். சேலைக்கு நாலைந்து படம் போடுகிற கடை அந்த வரம்பை எவ்வளவு சீக்கிரம் தொடும் என்று பாருங்கள். அதைத் தாண்டினால் பேக்கப் எடுக்க மாட்டோம் என்று பல நிறுவனங்கள் விதிமுறையிலேயே எழுதிவைத்திருக்கின்றன. ஆகவே வாங்கும் முன்பே இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்: ஐநோட் வரம்பு எவ்வளவு, அதைத் தாண்டினால் பேக்கப் நிற்குமா?

அவர்களுடைய பேக்கப்பை மட்டும் நம்பவும் வேண்டாம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுதாக எரிந்துபோனது. அதே வளாகத்திலேயே பேக்கப்பையும் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். உங்கள் பிரதி ஒன்று வேறு இடத்தில், உங்கள் கையில் இருக்கட்டும். அக்காவின் பக்கங்கள் கொஞ்சம், பழைய வெப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் கிடைத்தன, படங்கள் போனில் இருந்தன. ஆர்டர் விவரங்கள் போனது போனதுதான்.

வேறு ஹோஸ்டிங்குக்கு மாறிவிடலாம் என்று முடிவெடுத்து, டொமைனை மாற்றுவதற்கான ரகசியக் குறியீடான ஆத் கோட் கேட்டபோதுதான் உண்மையான அடி விழுந்தது. முதலில் பதில் இல்லை. அப்புறம், இலவச டொமைனுக்கு ‘ரிலீஸ் சார்ஜ்’ கட்டுங்கள் என்றார்கள். டொமைன்களுக்கு விதி வகுக்கிற சர்வதேச அமைப்பான ஐகேனின் லுக்அப் பக்கத்தில், டொமைனைப் பதிந்த பதிவாளர் நிறுவனம் எது என்று பார்த்தேன். இவர்கள் வெறும் மறுவிற்பனையாளர்கள், பதிவாளர் வேறு. அந்தப் பதிவாளரிடம் கேட்டால், டொமைன் உரிமையாளர் என்ற இடத்தில் இருப்பது ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயர், அவர்களுடைய மெயில் முகவரி. அக்காவின் பெயர் எங்கேயும் இல்லை.

“பேரு நம்ம கடைப் பேருதானே தம்பி, அவன் எப்படி வச்சுக்க முடியும்?” என்று அக்கா கேட்டாள். சேலை அட்டைப்பெட்டியில், விசிட்டிங் கார்டில், கடைப் பையில் எல்லாம் அந்த முகவரியைத்தான் அச்சடித்து வைத்திருக்கிறாள்.

உரிமையாளராக உங்கள் பெயர் இருந்தால் நிலைமையே வேறு. டாட் காம் போன்றவற்றுக்கு ஐகேன் விதிப்படி, நீங்கள் கேட்ட 5 நாளுக்குள் பதிவாளர் ஆத் கோட் கொடுத்தாக வேண்டும். தராவிட்டால் ஐகேன் தளத்திலேயே புகார் கொடுக்கலாம். எங்களுக்கு அந்தப் பிடி இல்லை. அதனால் பில், பணம் கட்டிய ரசீது, சாட் பதிவு எல்லாவற்றையும் வைத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். மறைத்து வைத்த கட்டணம், விட்டு வெளியேற விடாத சந்தா போன்றவற்றை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 வழிகாட்டுதல் ‘டார்க் பேட்டர்ன்’ (வாடிக்கையாளரை ஏமாற்றும் உத்தி) என்று தடுக்கிறது, அதையும் குறிப்பிட்டோம். புகார் எண் அவர்களுக்குப் போன பிறகு ரிலீஸ் சார்ஜ் பேச்சையே அவர்கள் எடுக்கவில்லை. டொமைனை அக்கா பெயருக்கு மாற்றினார்கள்.

மாற்றியதும் 60 நாள் பூட்டு. உரிமையாளர் மாறினால் அதுவரை வேறு பதிவாளரிடம் கொண்டுபோக முடியாது. பெயர் மாற்றும் முன்பே கேட்டால் சில பதிவாளர்கள் அந்தப் பூட்டு விழாமல் செய்ய வழி விடுவார்கள், மாற்றிய பிறகு கேட்டுப் பயனில்லை. இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பூட்டு டொமைனை இடம் மாற்றுவதற்கு மட்டும்தான். டொமைன் எந்த ஹோஸ்டிங்கைக் காட்ட வேண்டும் என்று சொல்கிற நேம்சர்வரை மாற்ற அது தடையில்லை. டொமைன் அங்கேயே கிடந்தாலும் தளத்தையும் மெயிலையும் வேறு ஹோஸ்டிங்கில் அன்றைக்கே ஓட்டலாம். இதே சிக்கலில் இருப்பவர்கள் பூட்டு திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம். பழைய மெயில்களை இறக்கி வைத்துக்கொண்டு, புதிய இடத்தில் தளத்தை ஏற்றிச் சோதித்துவிட்டு, நேம்சர்வரை மாற்றுங்கள். அக்காவின் தளம் அப்படித்தான் இப்போது ஓடுகிறது.