கையா, காலா, மெமரியா, மிக்ஸரா? கீபோர்டில் டோன்களின் சத்தத்தைச் சமப்படுத்த எது நல்லது

கீபோர்டில் பியானோ டோனில் (வாத்திய ஒலியில்) பல்லவி முடிந்து, இடையிசைக்குப் புல்லாங்குழல் டோனுக்கு மாறிய நொடியில் பாடகி திரும்பிப் பார்த்தார். கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீட்டுக் கச்சேரி அது. இடைவேளையில் வந்து சொன்னார்: "அண்ணே, ஃப்ளூட் காதைக் குத்துது. ஸ்ட்ரிங்ஸ் வந்தா என் குரலே எனக்குக் கேக்கல." மைக்செட்டில் ஒரு குறையும் இல்லை. டோனுக்கு டோன் வால்யூம் வேறுபடுவதை நான் சரிசெய்யாமல் மேடை ஏறியிருந்தேன்.

அதிலிருந்து நான்கு வழிகளையும் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்திருக்கிறேன்: வால்யூமைக் கையால் திருகுவது, மைக்செட்காரரிடம் விட்டுவிடுவது, காலில் பெடல் வைப்பது, ஒவ்வொரு டோனின் அளவையும் முன்பே கீபோர்டு மெமரியில் பதிந்து வைப்பது.

முதலில், இந்த ஏற்ற இறக்கம் ஏன் வருகிறது என்று பார்த்துவிடுவோம். பியானோ, கீபோர்டின் கட்டையை அடித்த கணத்தில் எகிறி உடனே தணிந்துவிடும். ஸ்ட்ரிங்ஸ் (வயலின் கூட்டம் போன்ற டோன்) விரலை எடுக்கும் வரை நின்று ஒலிக்கும். மிக்ஸரில் சத்தம் மிஞ்சுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு பியானோவுக்குத்தான் முதலில் எரியும், காதுக்கோ ஸ்ட்ரிங்ஸ்தான் பெரிதாகத் தெரியும். ஒரு கணம் வந்துபோகும் உச்சத்தைவிட, தொடர்ந்து வரும் சத்தமே காதில் தங்குகிறது. அதோடு, ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை நம் காது மிகவும் கூர்மையானது. நாதஸ்வர டோன், லீட் டோன் எல்லாம் அந்த இடத்தில்தான் பலமாக ஒலிக்கின்றன. ஆர்கன் டோனில் இன்னொரு சங்கதி உண்டு. மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் பெரும்பாலும் அதே சத்தம்தான் வரும். பியானோ அப்படியல்ல, விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப மாறும்.

கையால் திருகுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. டோன் மாறும் நொடியில் இரண்டு கையும் கட்டையில் இருக்கும். திருகிய பின் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறந்தால் அடுத்த பாட்டும் கெடும். அவசரத்துக்கு மட்டும் சரி.

மைக்செட்காரரை நம்புவதுதான் எங்கள் பக்கம் அதிகம் நடக்கிறது. அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இது நியாயமில்லாத வேலை. பியானோ, குழல், பேஸ் எல்லாம் ஒரே ஒயரில்தான் அவரிடம் போகின்றன. அடுத்து எந்த டோன் வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? குழல் குத்துகிறது என்று சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரை இறக்குவார், அடுத்த பாட்டில் பியானோ காணாமல் போகும். கம்ப்ரஸர் (மிஞ்சும் சத்தத்தைத் தானாக அமுக்கும் கருவி) போட்டால் எல்லாம் ஒரு மட்டத்துக்கு வரும், ஆனால் பியானோவை மெல்லவும் ஓங்கியும் அடிப்பதில் இருக்கும் உயிர் போய்விடும். டோன்களைச் சமப்படுத்துவது வாசிப்பவரின் கடமை என்றே நினைக்கிறேன்.

பெடலில் இரண்டு வகை உண்டு, கடையில் பலர் குழம்புவது இங்கேதான். வால்யூம் பெடல் கீபோர்டிலிருந்து வெளியே வரும் ஒலியையே கூட்டிக் குறைக்கும். கிட்டாருக்கு என்று வரும் 250 கிலோ ஓம் மின்தடை கொண்ட பெடல் கீபோர்டுக்குப் பொருந்தாது, 25 கிலோ ஓம் போன்ற குறைந்த மதிப்புள்ளது வேண்டும். பெரிய குறை வேறு: இடது கையில் பேஸ், வலது கையில் குழல் என்று ஸ்ப்ளிட் போட்டிருந்தால் பெடலைப் பின்னுக்குச் சாய்த்ததும் இரண்டும் சேர்ந்து இறங்கும். எக்ஸ்பிரஷன் பெடல் கீபோர்டுக்கு உள்ளே கட்டளை அனுப்புகிறது. மிடி (மின்னணு வாத்தியங்களின் கட்டளை மொழி) கணக்கில் அது 11ஆம் எண், வால்யூம் 7ஆம் எண். பல கீபோர்டுகளில் அதை வலது கை டோனுக்கு மட்டும் ஒதுக்கலாம். பாடகி மூச்சு விடும் இடத்தில் ஸ்ட்ரிங்ஸை மெல்ல ஏற்றி, அவர் பாட வந்ததும் இறக்கும்போது கிடைக்கும் நிறைவை வேறு எதுவும் தராது. வாங்கும் முன் உங்கள் கீபோர்டில் மாட்டிப் பாருங்கள். யமஹா பெடலின் உள் ஒயரிங் வேறு, ரோலண்டுடையது வேறு.

ஆனால் பெடல் பாட்டின் உணர்ச்சியைக் காட்டுவதற்கு. டோன்களின் அடிப்படை வித்தியாசத்தைக் காலாலேயே சரிசெய்யப் போனால் கவனம் முழுக்க அதிலேயே போய்விடும். அந்த வேலைக்கு மெமரிதான், என் ஓட்டும் அதற்கே.

பதியும் முறை இப்படி. பியானோவை 100இல் நிறுத்துங்கள், அதுதான் அளவுகோல். அடங்கிக் கேட்கும் டோனை ஏற்றாதீர்கள், மிஞ்சுவதை இறக்குங்கள். உச்சவரம்பு 127தான், ஏற்றிக்கொண்டே போனால் இடம் இருக்காது. எண்ணைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். ஜெனரல் மிடி என்னும் பொது விதியில் சொல்லும் கணக்குப்படி 127லிருந்து 90க்கு வந்தால் 6 டெசிபல் குறையும், 64க்கு வந்தால் 12 டெசிபல். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும். அதனால் இரண்டு மூன்று எண்ணாக நகர்த்துங்கள்.

ராத்திரி ஹெட்போனில் மெதுவாக வைத்துப் பதிய வேண்டாம். சத்தம் குறைவாக இருக்கும்போது காது பேஸை வாங்குவதில்லை. ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933இலேயே அளந்து காட்டிய விஷயம் இது. வீட்டில் போதாது என்று ஏற்றிய பேஸ் மேடையில் இடிக்கும். மேடைக்கு மோனோ ஒயர் (இடது, வலது ஒலி இரண்டும் சேர்ந்த ஒற்றை ஒயர்) போகிறது என்றால் பதியும்போதும் மோனோவில் கேளுங்கள், ஸ்டீரியோ பியானோ மோனோவில் மெலிந்துபோவது உண்டு.

அப்புறம், செட்டிநாட்டில் வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளின் வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதியில்) தரை ஆத்தங்குடிக் கல், சுவர் கண்ணாடிபோல் இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. ஒலியை உறிஞ்ச அங்கே எதுவும் இல்லை. நீண்டு நிற்கும் ஸ்ட்ரிங்ஸும் பேட் என்னும் பின்னணி டோனும் சுவரில் பட்டுத் திரும்பி வந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். அதே அளவோடு பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடிப் பக்கம் பொட்டலில் வாசித்தால் ஸ்ட்ரிங்ஸ் காற்றோடு போய்விடும். அதனால் இரண்டு வரிசை பதிந்திருக்கிறேன். பொட்டல் வரிசையில் ஸ்ட்ரிங்ஸ் 84, வளவு வரிசையில் 72, எதிரொலி சேர்க்கும் ரிவெர்பும் பாதிக்குக் கீழே. புல்லாங்குழல் இரண்டிலும் 78தான். வளவில் வாசிக்கும்போது முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒருவரை நிறுத்தி, பியானோ, குழல், ஸ்ட்ரிங்ஸ் மூன்றிலும் ஒரே வரியை வாசித்துக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் பாடகியைக் கூப்பிடுகிறேன்.