ஏஜென்சி நடத்தும் அலுவலக நூலகம்: ஆட்கள் அருமை, கேட்லாக் தேறவில்லை

வேறொரு மத்திய அரசு அலுவலகத்தில் நூலகக் குழுவில் இருக்கும் நண்பர் கேட்டிருந்தார்: "எங்க லைப்ரரியை ஏஜென்சிகிட்ட விடலாம்னு ஃபைல் ஓடுது. நீங்க வருஷக்கணக்கா அப்படித்தானே ஓட்டறீங்க, எப்படி இருக்கு?" ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளத்தில் பிட் போடுவது, எல்-1 (குறைந்த விலை கேட்டவர்) தேர்வு, செக்யூரிட்டி டெபாசிட் எல்லாம் அவருக்கும் தெரியும், இதைப் படிக்கிற உங்களுக்கும் தெரியும். அதற்குள் போகவில்லை. ஆள் அனுப்புவது, புத்தகம் கொடுத்து வாங்குவது, பழைய புத்தகங்களைக் கணினியில் ஏற்றுவது, அறிக்கைகளை ஸ்கேன் செய்வது என்று மொத்தமும் ஒரே ஏஜென்சி கையில் இருக்கும் ஏற்பாட்டைப் பற்றித்தான் சொல்கிறேன். நூலகத்தை நிர்வகிக்கும் மென்பொருள் கோஹா.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. ஏஜென்சி அனுப்பும் ஆட்களில் பெரும்பாலானவர்கள் நூலக அறிவியலில் முதுகலை முடித்தவர்கள். காலையில் அலுவலகம் சூடுபிடிப்பதற்குள் அன்றைய அரசிதழ் அறிவிப்புகள், துறை சம்பந்தப்பட்ட பத்திரிகைச் செய்திகள், புதிதாக வந்த ஆய்விதழ்களின் பொருளடக்கம் மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் இது ஒரே ஒரு வரி. நடைமுறையில் நூலகத்துக்கே வராத அதிகாரிகள்கூட நம்பி இருப்பது இதைத்தான். வராத இதழ்களுக்கு க்ளெய்ம் கடிதம் காலத்தோடு போகிறது. பதிப்பகங்கள் க்ளெய்முக்கு ஒரு கெடு வைத்திருக்கும். அதைத் தவறவிட்டால் அந்த இதழ் போனதுதான், தொகுதியைப் பைண்டிங்குக்கு அனுப்பும்போது நடுவில் ஓட்டை விழும். இந்த வேலையை இவ்வளவு ஒழுங்காகச் செய்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஸ்டாக் சரிபார்ப்பும் அப்படித்தான். 2017 பொது நிதி விதிகளில் விதி 215 சொல்வது தெரிந்திருக்கும்: 20,000 புத்தகம் வரை இருந்தால் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு, 20,000-க்கு மேல் 50,000 வரை என்றால் மூன்றாண்டுக்கு ஒரு முறையாவது, அதற்கும் மேல் போனால் மூன்றாண்டுக்கு மிகாத இடைவெளியில் மாதிரிச் சரிபார்ப்பு. புத்தகங்களை வரிசை எண்ணோடு பதியும் அக்சஷன் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி டிக் அடித்துக்கொண்டிருந்த வேலை, பார்கோடு ரீடரோடு அலமாரி அலமாரியாகப் போனால் சில நாளில் முடிகிறது. ஆயிரம் புத்தகப் புழக்கத்துக்கு ஐந்து வரை காணாமல் போவதை நியாயமான இழப்பாக அதே விதி ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமோ அரிய புத்தகமோ போனால் விசாரணை கட்டாயம். அந்தப் பட்டியலை விலையோடு பிரித்துக் கையில் கொடுத்துவிடுவதால் ஆடிட் வரும்போது பதறவேண்டியதில்லை.

இனி கேட்லாக். பழைய புத்தகங்களைக் கணினியில் ஏற்றுவதை ரெட்ரோ கன்வர்ஷன் என்று சொல்லி, ஏற்றும் ஒவ்வொரு பதிவுக்கும் இவ்வளவு ரூபாய் என்று விலை பேசுகிறோம் அல்லவா, கோளாறு அத்தனையும் அங்கேதான் பிறக்கிறது. பதிவுக்கு இவ்வளவு என்றால் டைப் அடிப்பவரின் கண் எண்ணிக்கையில்தான் இருக்கும். ஆங்கிலப் புத்தகங்களில் இது அவ்வளவாகத் தெரியாது. ஐஎஸ்பிஎன் கொடுத்து நூலகங்கள் பதிவுகளைப் பகிரும் இசட்39.50 முறை வழியாக வேறொரு நூலகத்தின் பதிவை இறக்கிக்கொள்ளலாம். தமிழ்ப் புத்தகங்கள்தான் மாட்டிக்கொள்கின்றன. பழைய தமிழ் நூல்களுக்கு ஐஎஸ்பிஎன்னே கிடையாது.

உ.வே.சா.வை எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் ஒரே தட்டில் அவர் பதிப்பித்த நூல்கள் வரிசையாக நிற்கும். ஓபேக்கில் (வாசகர் தேடும் கணினிக் கேட்லாக்) தேடினால் "சாமிநாதையர், உ. வே." என்று சில, "சாமிநாதய்யர்" என்று சில, "சுவாமிநாத ஐயர்" என்று சில, "உ.வே.சா" என்றே சில, "டாக்டர்" பட்டம் முன்னால் ஒட்டிக்கொண்டு இரண்டொன்று. லைப்ரரி ஆஃப் காங்கிரஸிலிருந்து இறக்கிய பதிவில் அவர் ரோமன் எழுத்தில் இருப்பார். அந்த எழுத்துப்பெயர்ப்பு முறையில் சகரத்துக்கு 'எஸ்' கிடையாது, 'சி'. சாமிநாதையர் என்று 'எஸ்' போட்டுத் தேடுகிறவருக்கு அந்தப் புத்தகம் தென்படவே தென்படாது. இத்தனைக்கும் எல்லாமே ஒரே ஆசிரியர், ஒரே தட்டு.

இதற்கு மருந்து புதிதல்ல. நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களில் பதியும் மார்க் 21 வடிவத்தில், ஆசிரியருக்கு அத்தாரிட்டி பதிவு (பெயரின் ஏற்ற வடிவத்தை நிர்ணயிக்கும் தனிப் பதிவு) ஒன்றை உருவாக்கி, ஏற்றுக்கொண்ட வடிவத்தை 100-லும் மற்ற வடிவங்களையெல்லாம் 400-லும் போட்டு, நூல் பதிவின் 100 புலத்தை (பதிப்பாசிரியர் என்றால் 700) அதனோடு இணைத்துவிட்டால் முடிந்தது. கோஹாவில் ஆசிரியர் பெயர் புலத்தைக் கையால் டைப் அடிக்க விடாமல், அத்தாரிட்டியிலிருந்து மட்டுமே எடுக்கும்படி பூட்டி வைக்கும் அமைப்பும் இருக்கிறது. ஏஜென்சி அதைத் திறந்தே வைத்திருக்கிறது. காரணம் எளிது: அத்தாரிட்டி பதிவுக்கு பில் போட முடியாது. நாமும் டெண்டரில் அதைக் கேட்கவில்லையென்றால் சட்டப்படி அவர்கள்மேல் குற்றமும் இல்லை. நியாயத்துக்கு இதைச் சொல்கிறேன். ஆனாலும் நூலகச் சேவை என்று பெயர் வைத்துக்கொண்டவர்களுக்கு இது சொல்லித்தர வேண்டிய விஷயமா?

அடுத்தது எழுத்து. கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கிற பிழைகள் இவை, பிடிப்பது மிகக் கடினம். "பௌத்தம்" என்பதை ஔகாரக் குறியோடு அடிக்காமல், கொம்பு போட்டுப் பக்கத்தில் 'ள' எழுத்தைச் சேர்த்து அடித்துவிடுவார்கள். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. யூனிகோடில் இரண்டும் வெவ்வேறு. எந்தச் சீர்படுத்தும் விதியும் இவற்றை ஒன்றாக்காது. ஆகவே பௌத்தம் என்று ஒழுங்காகத் தேடுகிறவருக்குப் பாதிப் புத்தகம்தான் கிடைக்கும். "கௌடில்யர்", "சௌராஷ்டிரம்" எல்லாவற்றுக்கும் இதே கதி. (ஒகர, ஓகாரக் குறிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, கொம்பும் காலும் தனித்தனியாக வந்தாலும் யூனிகோடின் சீர்படுத்தலில் ஒன்றாகிவிடும்.) ஸ்ரீயில் ஸகரம் போட்டது ஒன்று, ஶகரம் போட்டது ஒன்று. 'எ' வரவேண்டிய இடத்தில் தமிழ் இலக்கம் ஏழு உட்கார்ந்திருக்கும் பதிவுகளும் உண்டு. பழைய வானவில், பாமினி எழுத்துருக் கோப்புகளை மாற்றியில் போட்டு அப்படியே ஏற்றியிருந்தால் இந்த மாதிரிக் குப்பை கூடவே வரும்.

இதைச் சரிசெய்ய ஒவ்வொரு பதிவாகத் திறக்கவேண்டாம். பதிவுகளை ஏற்றுமதி செய்து மார்க்எடிட் என்ற பதிவு திருத்தும் மென்பொருளில் திறந்து, உயிர்மெய் எழுத்து, கொம்பு, 'ள' மூன்றும் (கணினியில் சேமிக்கும் வரிசை இதுதான்) அடுத்தடுத்து வரும் இடங்களைத் தேடிப் பட்டியலிடலாம். கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றிவிடாதீர்கள்; "பெளத்தம்" தவறு, "வெள்ளம்" சரி. 'ள'வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அதைத் தொடவேண்டாம், மீதியை ஒருவர் உட்கார்ந்து பார்த்து மாற்றவேண்டும். ஒருவருக்குச் சில நாள் வேலை, அவ்வளவுதான். கேட்டால் "ஸ்கோப்ல இல்ல சார்" என்று பதில் வருகிறது. இந்த ஒரு பதில்தான் எனக்கு மிகவும் கோபம் வரவழைப்பது.

கோஹாவில் தேடலை நடத்தும் ஜீப்ரா இன்டெக்ஸையும் பார்த்துவிடுங்கள். நிறுவும்போது அது கேரக்டர் மேப் (எழுத்துப் பட்டியல்) முறையில் இருந்தால், லத்தீன் எழுத்துக்காகப் போட்ட அந்த மேப்பை நம்பித் தமிழில் தேட முடியாது. ஜீப்ராவின் டிஃபால்ட் இன்டெக்ஸ் கோப்பில் சொல்லுக்கும் சொற்றொடருக்கும் கேரக்டர் மேப் என்று இருக்கும் வரிகளை ஐசியு செயின் (யூனிகோடு விதிப்படி எழுத்தைக் கையாளும் முறை) என்று மாற்றி, பதிவுகள் முழுவதையும் மறுபடி இன்டெக்ஸ் செய்யவேண்டும். அந்த ஐசியு சங்கிலியில் மேற்குறிகளை நீக்கும் விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். ரோமன் எழுத்தின் மேல்கோடுகளைக் கழிக்க அது உதவும். ஆனால் யூனிகோடு கணக்கில் நம் புள்ளியும் அதே வகை, அதையும் சேர்த்துத் துடைத்துவிடும். "கல்" என்று தேடினால் "கல" என்பதும் வந்து நிற்கும். பதிவின் 008 புலத்தில் 35 முதல் 37 வரையுள்ள மூன்று இடம் மொழிக்குறிக்கு உரியது. அதை நிரப்பாமல் விட்டாலோ முந்தைய பதிவிலிருந்து ஆங்கிலம் என்று நகலெடுத்தாலோ, "தமிழ் மட்டும்" என்ற வடிகட்டியை அழுத்துகிறவருக்கு வெறும் பக்கம்தான்.

ஸ்கேனிங் பற்றிச் சுருக்கமாக. 300 டிபிஐ, மூலத்துக்கு டிஃப், வாசகருக்குப் பிடிஎஃப்-ஏ என்று எழுதிக் கொடுத்தால் அதன்படி செய்கிறார்கள். மடித்து வைத்த வரைபடங்களை விரிக்காமல் ஸ்கேன் செய்வது மட்டும் அடிக்கடி நடக்கும். பக்க எண்ணிக்கை சரியாக இருப்பதால் சோதனையில் தப்பிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான அறிக்கைகளில் பழைய லை, ணை, னை, றா, ணா வடிவங்கள் இருக்கும், ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) அங்கே தடுமாறும். அவற்றுக்கு ஓசிஆர் துல்லியம் இத்தனை சதவீதம் என்று ஏஜென்சி வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். தலைப்பு, ஆண்டு, பொருளடக்கம் இவற்றைக் கையால் அடித்துத் தரச் சொல்லுங்கள், போதும்.

ஒப்பந்தம் முடியும்போது பேக்கப் என்று ஒரு டிஸ்க்கைக் கொடுப்பார்கள். அதை வாங்கி பீரோவில் பூட்டுவதற்கு முன், ஏஜென்சியின் கணினி அல்லாத வேறொன்றில் காலியான கோஹாவை நிறுவி ஏற்றிப் பாருங்கள். மார்க் பதிவின் தலைப்பகுதியான லீடரில் ஒன்பதாம் இடம் 'ஏ' என்று இல்லாவிட்டால் வாங்கும் மென்பொருள் அதை யூனிகோடு என்று எடுத்துக்கொள்ளாது, தமிழ் முழுக்கச் சிதைந்துவிடும். ஒரு புலத்தின் நீளத்தைக் குறிக்க அந்த வடிவத்தில் நான்கு இலக்கம்தான் இடம், அதாவது 9,999 பைட். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் போவதால், 520 புலத்தில் நீளமான தமிழ்ச் சுருக்கம் எழுதியிருந்தால் எல்லை தாண்டிவிடும். ஆகவே இந்த நீள எல்லை இல்லாத மார்க்எக்ஸ்எம்எல் வடிவிலும் ஒரு பிரதி, டேட்டாபேஸின் முழு டம்ப் ஒன்று, நிர்வாகி கடவுச்சொல், சர்வரின் உரிமை எல்லாம் கடைசி பில்லுக்கு முன் கைக்கு வரவேண்டும். மத்திய அரசின் என்ஐசி தரும் இ-கிரந்தாலயா நூலக மென்பொருளில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. தரவு அரசு கிளவுடிலேயே இருப்பதால் ஏஜென்சி மாறினாலும் அது நகராது.

சம்பளத்தையும் சொல்லாமல் விட முடியாது. முதுகலை முடித்தவரை டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் என்ற தலைப்பில் எடுத்து, அந்தக் கூலியைக் கொடுத்துவிட்டு, அத்தாரிட்டி வேலையைச் செய்யவில்லையே என்று அவர்மேல் கோபப்படுவது அநியாயம். டெண்டரில் பதவியின் பெயரைச் சரியாகப் போடுங்கள். மாதாமாதம் பிஎஃப், இஎஸ்ஐ செலான் பார்க்காமல் பில்லைப் பாஸ் செய்யாதீர்கள். அவர்கள் போய்விட்டால் அந்தக் காலை மின்னஞ்சலும் போய்விடும், அலமாரியில் எது எங்கே இருக்கிறது என்ற நினைவும் போய்விடும்.

நண்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சேவை நன்றாக இருக்கிறது, ஆட்கள் அருமை, ஆடிட்டில் சிக்கல் இல்லை. இத்தனையும் சொல்லிவிட்டு, எங்கள் ஏஜென்சிக்கு நீட்டிப்புக் கொடுக்கவேண்டாம் என்றுதான் குறிப்பு எழுதப்போகிறேன். தமிழ்நாட்டில் இருக்கும் ஓர் அரசு நூலகத்தில் தமிழ்ப் புத்தகத்தைத் தமிழில் தேடினால் வராது என்பதை என்னால் சின்னக் குறை என்று ஒதுக்க முடியவில்லை. ஆள் அனுப்புவதை மட்டும் தனி ஒப்பந்தமாகப் போட்டு, இப்போது இருப்பவர்களையே தக்கவைக்கப் பாருங்கள். கேட்லாகை அலுவலகத்தின் சொந்த நூலகர் பொறுப்பில் வையுங்கள். வெளியே கொடுத்தே ஆகவேண்டும் என்றால் பதிவுக்கு விலை பேசாதீர்கள், ஏற்றுக்கொண்ட தொகுதிக்குப் பேசுங்கள். 500 பதிவு ஒரு தொகுதி. அதில் தமிழ்ப் பதிவுகளிலிருந்து மட்டும் 25-ஐக் குலுக்கல் முறையில் எடுத்து, ஆசிரியர் இணைப்பு, மொழிக்குறி, எழுத்து மூன்றையும் பார்க்கவேண்டும். இரண்டுக்கு மேல் பிழை இருந்தால் 500-ஐயும் திருப்பி அனுப்புங்கள், பணம் தராதீர்கள்.