எலியா சரி, இன்னொருவர் யார்? சுங்கை சிப்புட் வேதபாட வகுப்பு எப்படி இருக்கிறது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ச் சபையின் பின்மண்டபத்தில் நடக்கிறது இந்த வகுப்பு. நான்கு சனிக்கிழமை மாலை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். ஆளுக்கு 20 வெள்ளி. அதில் பயிற்சித்தாள்களும் இடைவேளையில் பீசாங் கோரெங்கும் (பொரித்த வாழைப்பழம்) தே ஓவும் (பால் சேர்க்காத தேநீர்) அடக்கம். பாடம் ஒன்றே ஒன்றுதான்: வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 11ஆம் அதிகாரத்தில் இரட்டு (சாக்குத்துணி) உடுத்தி 1260 நாள் தீர்க்கதரிசனம் சொல்லும் இரண்டு சாட்சிகள் யார்? ஒருவர் எலியா என்பதில் தோட்டப்புறச் சபைகளில் பெரிய சண்டை இல்லை. அவரோடு நிற்கும் இரண்டாமவர் மோசேயா ஏனோக்கா என்பதில்தான் குரல் உயரும்.

கடைசி கால அட்டவணை போட்டு, இந்த நாட்டுத் தலைவர் இன்ன மிருகம் என்று சொல்லும் கூட்டமோ என்ற பயம் வேண்டாம். இயேசுவின் வருகையின் தேதி பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதற்காகவே பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.

வகுப்பின் உயிர் அந்த ஏ3 தாளில் இருக்கிறது. மேலே ஆறு கட்டம்: எலியா, மோசே, ஏனோக்கு, எரேமியா, சபை, பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும். பக்கவாட்டில் அதிகாரம் சொல்லும் அடையாளங்கள்: ஒலிவமரமும் விளக்குத்தண்டும், வாயிலிருந்து புறப்படும் அக்கினி, மழை பெய்யாதபடி வானத்தை அடைப்பது, தண்ணீரை இரத்தமாக்குவது, பாதாளத்திலிருந்து ஏறும் மிருகத்தால் கொலையுண்பது, மகாநகரத்து வீதியில் மூன்றரை நாள் பிணமாய்க் கிடப்பது, உயிர்த்து மேகத்தில் ஏறுவது. வசன எண் காட்ட முடிந்தால் மட்டுமே கட்டத்தில் குறி போடலாம். "பாஸ்டர் சொன்னார்", "எங்க தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்" என்பதற்கெல்லாம் கட்டம் காலியாகவே இருக்க வேண்டும். பேனாவை வீட்டில் வைத்துவிட்டுப் பென்சிலும் அழிப்பானும் கொண்டுபோங்கள். மூன்றாம் மாலைக்குள் பாதிக் குறிகள் அழிந்துவிடும்.

முதல் மாலை முழுவதும் 3 முதல் 13 வரையுள்ள பதினோரு வசனங்கள்தான். முதல் அரை மணிக்கு ஒத்துவாக்கியம் (வேதாகமம் குறித்துக் காட்டும் இணை வசனங்கள்) பார்க்கக் கூடாது என்பது விதி. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மேசையில் ஒருவர் உடனே 'இரத்தம் என்றால் மோசே, மழை என்றால் எலியா' என்று பாதி பாதியாகப் பங்கு வைத்துவிடுவார். வசனத்தில் அந்தப் பங்கு இல்லை. வானத்தை அடைக்கவும் தண்ணீரை இரத்தமாக்கவும் 'அவர்களுக்கு' அதிகாரமுண்டு என்றுதான் ஆறாம் வசனம் இருவரையும் சேர்த்துப் பேசுகிறது. அக்கினியும் 'அவர்களுடைய வாயிலிருந்து'. இதைக் கண்டுபிடித்தவர் ஆசிரியர் அல்ல, பின்மேசையிலிருந்த ஓர் அக்கா. "ஐயா, ரெண்டு பேருக்கும் ஒரே வல்லமைன்னுதானே போட்டிருக்கு, நாம எதுக்குப் பிரிக்கிறோம்?" என்று கேட்டார். ஆசிரியர், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், மழுப்பாமல் பலகையில் போட்ட கோட்டைத் துடைத்துவிட்டு, "அக்கா கேட்டது சரி. தாளில் எல்லாரும் அழிங்க" என்றார். அப்படி அழிக்கத் தெரிந்த ஆசிரியர் கிடைப்பது அபூர்வம்.

இரண்டாம் மாலை எலியாவுக்கு. மழை அடைத்த கணக்கு நேர்த்தியாக விளக்கப்படுகிறது. 1 இராஜாக்கள் 18:1 மூன்றாம் வருஷம் என்கிறது. லூக்கா 4:25உம் யாக்கோபு 5:17உம் மூன்று வருஷம் ஆறு மாதம் என்கின்றன. மாதத்துக்கு 30 நாளாக 42 மாதம் போட்டால் 1260. வெளிப்படுத்தல் 11இன் இரண்டாம், மூன்றாம் வசனங்களில் இந்த இரண்டு எண்களும் அடுத்தடுத்து நிற்பது தற்செயல் அல்ல. மல்கியா 4:5 எலியாவை அனுப்புவேன் என்று பெயர் சொல்லியே கூறுகிறது. ஆனால் அக்கினி விஷயத்தில் எலியா நாம் நினைப்பதுபோல் பொருந்துவதில்லை. 2 இராஜாக்கள் 1இல் இரண்டு தலைவர்களையும் அவரவர் ஐம்பது பேரையும், ஆக 102 பேரைச் சுட்ட நெருப்பு வானத்திலிருந்து இறங்கியது; எலியாவின் வாயிலிருந்து புறப்படவில்லை. வாயும் நெருப்பும் சேர்ந்து வரும் இடம் எரேமியா 5:14. தம் வார்த்தைகளைத் தீர்க்கதரிசியின் வாயில் அக்கினியாக்குவேன், ஜனங்கள் விறகாவார்கள் என்று கர்த்தர் சொல்லும் இடம். தாளில் எரேமியாவுக்கு ஏன் ஒரு கட்டம் என்று முதலில் முகம் சுளித்தவர்கள் இங்கே அடங்கினார்கள்.

எரேமியாவைக் கொண்டுவந்தது சுங்கை சிப்புட் ஆள் யாருமில்லை. இன்றைய ஸ்லோவேனியாவிலுள்ள பெட்டாவின் பேராயராக இருந்து, கி.பி. 304ஐ ஒட்டி இரத்தசாட்சியாக மரித்த விக்டோரினஸ். மோசேயும் எலிசாவும் செத்துப்போனது எழுதியிருக்கிறது, எரேமியாவின் சாவு வேதத்தில் எங்கும் இல்லை, அதனால் எலியாவோடு வருபவர் எரேமியாதான் என்றார். அவருக்கு நூறு ஆண்டு முன்பு ஆதிச்சபை எழுத்தாளர்களான தெர்துல்லியனும் ஹிப்போலித்துவும் ஏனோக்கு பக்கம். 1650களில் லண்டனில் ஜான் ரீவ், லோடோவிக் மகிள்டன் என்ற இரண்டு தையற்காரர்கள் அந்தச் சாட்சிகள் தாங்களே என்று அறிவித்தார்கள். அட்வெந்து சபையார் சாட்சிகள் மனிதர்களே அல்ல, இரண்டு ஏற்பாடுகள் என்று வாசித்து, நாள் ஒன்றுக்கு ஒரு வருஷமாக 538 முதல் 1798 வரை எண்ணுவார்கள். இந்த வரலாறெல்லாம் பயிற்சித்தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது. இரண்டாம் மாலையில் அரை மணி கொடுத்திருந்தால் பல சண்டைகள் முன்பே தணிந்திருக்கும். இந்தச் சண்டை நம் பட்டணத்தில் தொடங்கியதல்ல என்று தெரிந்தாலே பாதி சூடு இறங்கும்.

மூன்றாம் மாலைதான் காசுக்கு மதிப்பு. ஏனோக்கு கட்சியின் முழு பலமும் ஒரே வசனத்தில்: எபிரெயர் 9:27, மனுஷருக்கு ஒரேதரம் மரிப்பது நியமிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே சாகாமல் போன இருவரும், ஏனோக்கும் எலியாவும், திரும்பி வந்து செத்தே ஆகவேண்டும். கேட்க அழகான வாதம். மேசைகளுக்குக் கொடுத்த வேலை: இந்த விதிக்கு விலக்குத் தேடுங்கள். பத்து நிமிடத்தில் கிடைத்தவை: சாறிபாத் விதவையின் மகன், சூனேம் ஊராளின் மகன், யவீருவின் மகள், நாயீன் விதவையின் மகன், லாசரு, தொற்காள். செத்து எழுந்த இவர்கள் மறுபடி மரித்தவர்களே, இரண்டுதரம். இன்னொரு பக்கம், 1 கொரிந்தியர் 15:51 நாமெல்லாரும் நித்திரையடைவதில்லை என்கிறது, ஒருதரமும் மரிக்காதவர்கள். ஆக 9:27 பொதுவான மனித நியதி, ஆளுக்கு ஆள் கணக்கு வைக்கும் பதிவேடு அல்ல. கடைசி ஆணி அதே நிருபத்தில் இரண்டு அதிகாரம் தள்ளி இருக்கிறது. 11:5, ஏனோக்கு மரணத்தைக் காணாதபடிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டான் என்கிறது. மரணத்தைக் காணாதபடிக்கு எடுத்துப் போனவரை வீதியில் மூன்றரை நாள் பிணமாகப் போடுவது எப்படி என்ற கேள்விக்கு ஏனோக்கு மேசையிலிருந்து பதில் வரவில்லை. தாளைப் பார்த்தாலும் அவருக்கு ஒரு அற்புதமும் இல்லை. ஆதியாகமம் 5இல் 365 வருஷமும் தேவனோடு சஞ்சரித்ததும், யூதா 14இல் ஒரு தீர்க்கதரிசனமும். அவ்வளவே.

மோசேக்குக் குறிகள் நிறைய விழுகின்றன. நைல் நதி இரத்தமானது, வாதைகள், மறுரூபமலையில் எலியாவோடு நின்றது, மல்கியாவின் கடைசி மூன்று வசனங்களில் மோசேயும் எலியாவும் சேர்ந்தே வருவது, கல்லறை இன்னதென்று ஒருவனும் அறியாதது, யூதா 9இல் மிகாவேல் அவர் சரீரத்துக்காகத் தர்க்கித்தது. இதில் கடைசி இரண்டும் அலங்காரமே தவிர ஆதாரமில்லை. அடக்கம்பண்ணின இடம் தெரியாவிட்டாலும் அவர் 120 வயதில் மோவாபில் மரித்தார் என்று உபாகமம் 34 தெளிவாகச் சொல்கிறது. ஆசிரியர் இவற்றுக்கும் குறி போட விட்டது தளர்ச்சி. ஏனோக்குக்குக் காட்டிய கண்டிப்பு மோசேக்கும் இருந்திருக்க வேண்டும்.

நான்காம் மாலை அவசரம். சபைதான் சாட்சி என்ற வாசிப்புக்கு முக்கால் மணி கூட இல்லை. வெளிப்படுத்தல் 1:20இல் விளக்குத்தண்டுகள் சபைகள் என்று புத்தகத்தை எழுதிய யோவானுக்கே விளக்கம் கிடைக்கிறது. 11:7இல் மிருகம் சாட்சிகளோடு யுத்தம்பண்ணி ஜெயிக்கிறது, 13:7இல் அதே மிருகம் பரிசுத்தவான்களோடு யுத்தம்பண்ணி ஜெயிக்கிறது. இந்த இரண்டையும் மட்டும் காட்டிவிட்டு, ஒலிவமரமும் விளக்குத்தண்டும் முதலில் வரும் சகரியா 4இல் ஒரே விளக்குத்தண்டு, இங்கே இரண்டு, ஏன்? என்று கேட்டு விட்டுவிட்டார்கள். ஒலிவமரங்கள் அங்கே தேவாலயத்தை எழுப்பிக்கொண்டிருந்த செருபாபேலும் பிரதான ஆசாரியன் யோசுவாவும் என்பது ஒரு வரியில் போய்விட்டது. அவர்கள் இருவரும் சகரியாவின் காலத்தில் உயிரோடிருந்த சாதாரண மனிதர்கள், பரலோகத்திலிருந்து இறங்கினவர்களல்ல என்பது இந்தத் தர்க்கத்துக்கு மிக வேண்டிய செய்தி.

வகுப்பு தொடாமலே விட்டது ஒன்று உண்டு, அதுதான் பெரிய குறை. வெளிப்படுத்தல் புத்தகம் பழைய பெயரைப் புது ஆளுக்குச் சூட்டும் பழக்கமுள்ளது. தியத்தீராவில் இருந்த பெண்ணைப் பழைய ஏற்பாட்டு ராணியின் பெயரால் யேசபேல் என்கிறது (2:20). பெர்கமுவில் பிலேயாமின் போதகம் (2:14). 11:8இல் நகரத்துக்கே ஞானார்த்தமாய் சோதோம், எகிப்து என்று பெயர். யேசபேல் கல்லறையிலிருந்து எழுந்து வந்தாள் என்று யாரும் சொல்வதில்லை. அப்படியானால் மோசேயின் வாதையும் எலியாவின் பஞ்சமும் உடுத்திய இருவர், மோசேயும் எலியாவுமாகவே இருந்தாக வேண்டுமா? லூக்கா 1:17 யோவான்ஸ்நானனை எலியாவின் ஆவியும் பலமும் உடையவன் என்கிறது. ஆனால் நீ எலியாவா என்று கேட்டபோது யோவான் 1:21இல் அவர் 'நான் அவன் அல்ல' என்றார். ஏழாவதாக ஒரு கட்டம் வரைந்து 'அவர்கள் ஆவியில் வரும் வேறு இருவர்' என்று எழுதிப் பாருங்கள். தாளில் அதிகக் குறி விழுவது அந்தக் கட்டத்தில்தான்.

இனி நடைமுறை. வீட்டில் புழங்கும் பழைய திருப்புதல் வேதாகமம் ஒத்துவாக்கியத்தோடு இருந்தால் போதும். தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகள் போனில் மலாய் வேதாகமமான அல்கித்தாப்தான் திறக்கிறார்கள். அதில் ஏனோக்கு 'ஹெனோக்', வெளிப்படுத்தல் 'வாஹ்யு'. தாளில் தமிழ்ப் பெயர் மட்டும் இருப்பதால் வசனம் தேடுவதற்குள் மேசை அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது. பெற்றோர் புத்தகப் பெயர்களை இரண்டு மொழியிலும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால் தீர்ந்தது. மேசைக்கு ஐந்து பேர் என்று சொல்கிறார்கள், எட்டுப் பேர் வரை உட்கார வைக்கிறார்கள். எட்டானால் இருவர் பேச, ஆறு பேர் பீசாங் கோரெங் தின்பார்கள். நாலு மணி மழை பிடித்தால் தகரக் கூரைச் சத்தத்தில் பின்மேசைக்கு ஒன்றும் கேட்காது. ஒலிபெருக்கி இருக்கிறது, போடுவதில்லை. முன்வரிசையில் இடம் பிடியுங்கள். கார் நிறுத்த பள்ளிப் பக்கம் இடம் உண்டு. மண்டப வாசல் பள்ளமானது, மழையில் தண்ணீர் தேங்கும்.

முதல் மாலையைத் தவறவிட்டவர் தாளை வாங்கி வீட்டிலேயே 11:3-13ஐ ஒத்துவாக்கியம் பார்க்காமல் நிரப்பிக்கொண்டு வந்தால் சமாளிக்கலாம். மூன்றாம் மாலையைத் தவறவிட்டவர் நான்காவதுக்குப் போவதில் பிரயோஜனமில்லை. எபிரெயர் 9:27ஐ அங்கே மறுபடி திறக்கமாட்டார்கள், மேசையில் ஏனோக்கு பேச்சை எடுத்தால் "அது போன வாரமே முடிஞ்சது" என்பார்கள்.